ஜனாதிபதி, அதிபர், குடியரசுத் தலைவர்

‘நடு சென்டர்’, ‘கேட்டுக் கதவு’ என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டு நாமே சிரித்துக்கொள்கிறோம். அப்துல் கலாமை ‘மக்கள் ஜனாதிபதி’ என்று சொல்லும்போது மட்டும் யாரும் சிரிப்பதில்லை. அதுவும் அதே கதைதான். ஜனம் என்றாலே மக்கள்தானே!

ஜன + அதிபதி = ஜனாதிபதி. வடமொழிப் புணர்ச்சி. அதிபதி என்றால் ஆள்பவன், உடையவன். சேர்த்துப் பார்த்தால் ‘மக்களை ஆள்பவர்’ என்று வருகிறது. பதவியின் வேலையோ வேறு. அரசியலமைப்பின் 60ஆம் பிரிவில் உள்ள உறுதிமொழியில், அரசியலமைப்பையும் சட்டத்தையும் காப்பேன், இந்திய மக்களின் சேவைக்கும் நலனுக்கும் என்னை ஒப்படைப்பேன் என்றுதான் இருக்கிறது. ஆள்வேன் என்ற பேச்சே கிடையாது.

கலாமின் காலத்திலேயே (2002–2007) ஓர் உதாரணம் உண்டு. சம்பளமோ சலுகையோ உள்ள சில அரசுப் பதவிகளை எம்.பி.க்கள் வகித்தாலும் அவர்களின் எம்.பி. பதவி பறிபோகாது என்ற ‘ஆதாயப் பதவி’ மசோதாவை 2006 மே மாதம் அவர் நாடாளுமன்றத்துக்குத் திருப்பி அனுப்பினார். அவர்கள் மாற்றமில்லாமல் மறுபடி நிறைவேற்றி அனுப்பினார்கள், கையெழுத்துப் போட்டார். 111ஆம் பிரிவுப்படி, ஒருமுறை ‘யோசியுங்கள்’ என்று சொல்லலாம். இரண்டாம் முறை வந்தால் ஒப்புதல் தந்தாக வேண்டும். அதிபதியின் அதிகாரம் அவ்வளவுதான். பள்ளிப் பிள்ளைகளைத் தேடிப்போய்ப் பேசிய மனிதரைச் சொல்ல ‘ஜனாதிபதி’ போதவில்லை. அதிலிருந்த ஜனம் காதில் விழாமல் போய்விட்டதால்தான் முன்னால் இன்னொரு ‘மக்கள்’ தேவைப்பட்டது.

பிரெசிடென்ட் என்ற சொல்லின் லத்தீன் மூலத்துக்கு ‘முன்னால் உட்கார்ந்திருப்பவர்’ என்றுதான் பொருள். கூட்டத்தை நடத்துகிறவர், அவ்வளவே. நம் கிராமங்களில் ஊராட்சி மன்றத் தலைவரை ‘பிரசிடெண்டு’ என்று கூப்பிடுவது அந்தப் பழைய பொருளுக்கு ரொம்பப் பக்கம்.

இந்தியில் ராஷ்டிரபதி. விடுதலைக்கு முன்பு காங்கிரஸ் தலைவரை அப்படி அழைத்தார்கள். நேருவும் சுபாஷ் சந்திர போஸும் அந்தப் பட்டத்தோடு வலம் வந்தவர்கள். இந்தியில் ‘பதி’ என்றால் கணவன் என்றும் பொருள் என்பதால் சிக்கல் வந்தது. 2007இல் பிரதிபா பாட்டில் வந்தபோது எப்படி அழைப்பது என்று விவாதம். 2022இல் திரௌபதி முர்முவை ஓர் எம்.பி. ‘ராஷ்டிரபத்னி’ என்று சொல்லப்போக மக்களவையே அமளியானது. தமிழில் ‘தலைவர்’ ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. இந்தத் தொல்லையே இல்லை.

சரி, குடியரசு? இந்தியா குடியரசாவதற்கு கால் நூற்றாண்டு முன்பே, 1925இல், ஈரோட்டில் பெரியார் தொடங்கிய வார இதழின் பெயர் அது. ‘படைகுடி கூழ்அமைச்சு நட்பரண்’ என்று குறள் அரசனின் ஆறு அங்கங்களை அடுக்கும்போது, குடி அவனுக்கு உரியவற்றில் ஒன்று. குடியரசு என்னும்போது அந்தக் குடியே அரசாகிவிடுகிறது. குடியரசுத் தலைவர் என்பது பிரெசிடென்டின் நேர் மொழிபெயர்ப்பு அல்ல. ஆட்சிமுறையைச் சொல்லி, அதற்குத் தலைவர் என்கிறது. எனக்கு ஜனாதிபதியைவிட இதுவே பொருத்தமாகப் படுகிறது. நடுவில் வரும் ‘த்’ தலைப்புச் செய்திகளில் அடிக்கடி காணாமல் போகிறது, அதைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

‘அதிபர்’ சுத்தத் தமிழ் என்று நினைப்பவர்கள் உண்டு. அதுவும் ‘அதிப’ என்ற வடசொல்லின் வழி வந்ததே. தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் அமெரிக்கா, ரஷ்யா என்று வெளிநாட்டுக்காரர்களுக்கு அதிபர். உள்ளூர்க்காரருக்குக் குடியரசுத் தலைவர். சிங்கப்பூரில் எஸ்.ஆர். நாதனும் அதிபர்தான், இப்போதைய தர்மனும் அதிபர்தான். இலங்கையில் 1972 முதல் இந்தப் பதவி இருக்கிறது. செய்தித்தாள்களில் ஜனாதிபதி, சட்டப் புத்தகத்தில் ‘சனாதிபதி’. அங்கே அதிபர் என்றால் பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியர். மாவட்ட நிர்வாகியோ அரசாங்க அதிபர். ‘அதிபர் நாளை வருகை’ என்று சென்னைப் பத்திரிகை எழுதினால், யாழ்ப்பாணத்துப் பையன் வீட்டுப்பாடத்தைத் தேட ஆரம்பித்துவிடுவான்.