குழந்தை எப்படித் தூங்குகிறது?

அண்ணப்பிளவு (வாயின் மேற்கூரையில் பிறவிப் பிளவு) அறுவை சிகிச்சைக்கு வந்த ஒரு வயதுக் குழந்தை. மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவராக முந்தின நாள் நான் பார்க்கப் போனபோது, அம்மா போகிற போக்கில் சொன்னார்: "மல்லாக்கப் போட்டா மூச்சு முட்டுறான் டாக்டர். கவுந்து படுத்தாத்தான் தூங்குவான்." எந்தப் பரிசோதனை முடிவையும்விட அந்தப் பேச்சுதான் எனக்கு உதவியது.

அவனுக்கு இருந்தது பியர் ராபின் குறைபாடு. 1923இல் இதை விவரித்த பிரெஞ்சுப் பல் மருத்துவரின் பெயர். கீழ்த்தாடை சின்னதாக, உள்வாங்கி இருக்கும். நாக்குக்கு இடம் போதாமல் பின்னால் சரிந்து மூச்சுப் பாதையை அடைக்கும். கவிழ்ந்து படுத்தால் நாக்கு முன்னால் வந்துவிடும்.

மயக்க மருந்து கொடுத்ததும் தொண்டைத் தசைகள் தளர்கின்றன, அடைப்பு கூடுகிறது. மூச்சுக்காகத் தொண்டை வழியாகக் குழாய் போடப் போனால் குரல்வளை கண்ணுக்கே தெரியாமல் போகலாம். கைக்குழந்தைகள் எடைக்கு எடை பெரியவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு ஆக்சிஜன் செலவழிப்பதால் எங்களுக்கு அவகாசமும் குறைவு. அதனால் நான் குழந்தையின் சொந்த மூச்சை நிறுத்தாமல், வாயு மருந்திலேயே மெல்லத் தூங்க வைப்பேன். குரல்வளையைத் திரையில் காட்டும் வீடியோ லாரிங்கோஸ்கோப், குரல்வளைமேல் பொருந்தி உட்காரும் லாரிஞ்சியல் மாஸ்க், வளைந்து உள்ளே போய்ப் பாதையைக் காட்டும் ஃபைபர் ஆப்டிக் கருவி எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். கழுத்தில் துளையிட நேர்ந்தால் செய்ய, காது மூக்கு தொண்டை மருத்துவரும் பக்கத்திலேயே நிற்பார்.

"போன தடவை ஒண்ணும் ஆகலையே" என்று பெற்றோர் கேட்பார்கள். பியர் ராபினில் தாடை வளர வளர குழாய் போடுவது பெரும்பாலும் சுலபமாகும். ட்ரீச்சர் காலின்ஸ் (முக எலும்புகள் சரியாக வளராத பிறவிக் குறைபாடு), மியூகோபாலிசாக்கரைடோசிஸ் (சிலவகைச் சர்க்கரைச் சேர்மங்கள் உடலில் தேங்கும் மரபு நோய்) உள்ள குழந்தைகளுக்கோ வயது ஏற ஏறக் கடினமாகலாம். ஆகவே பழைய மயக்க மருந்துக் குறிப்பு இருந்தால் கட்டாயம் கொண்டு வாருங்கள்.

குறட்டையை "அசந்து தூங்குறான்" என்று விட்டுவிடாதீர்கள். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதா, பால் குடிக்கும்போது திணறுகிறானா, சொல்லுங்கள். அப்புறம் சளி. தேதி தள்ளிப்போகும், இன்னொரு நாள் கூலி போகும் என்று சிலர் மறைக்கிறார்கள். அந்தக் கஷ்டம் புரிகிறது, ஆனாலும் சொல்லிவிடுங்கள். ஏற்கெனவே குறுகலான பாதையில் சளியும் சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு.

அந்தக் குழந்தைக்கு லாரிஞ்சியல் மாஸ்க் வழியாகத்தான் குழாயைச் செலுத்த முடிந்தது. அண்ணத்தை மூடிய பிறகு மூச்சுப் பாதை இன்னும் குறுகும் என்பதால் அன்றிரவு ஐசியூவில் வைத்தோம். குழாயை எடுத்ததும், அம்மா சொன்னபடியே கவிழ்த்துப் படுக்க வைத்தோம். தூங்கினான்.