மிக்-25 ஏன் எஃகில் பறந்தது?

மணவாளக்குறிச்சி, சின்னவிளைப் பக்கம் கடற்கரையில் காலில் ஒட்டும் கருமணலில் இல்மனைட் நிறைய உண்டு. இரும்பும் டைட்டானியமும் ஆக்சிஜனோடு சேர்ந்த தாது அது. மணல் ஆலை என்றாலே நம் குமரி மாவட்டத்தில் பேச்சு மோனசைட் தாது, அதிலுள்ள தோரியம், கதிர்வீச்சு என்றுதான் போகும். அது தனிக் கட்டுரைக்கான விஷயம். இங்கே டைட்டானியத்தைப் பார்ப்போம், அதுவும் அதைப் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டுக் கட்டிய ஒரு போர் விமானத்தை வைத்து.

சோவியத் ஒன்றியத்தின் மிக்-25 முதலில் பறந்தது 1964 மார்ச்சில். ஒலியைப் போல 2.8 மடங்கு வேகம். அந்த வேகத்தில் எதிரே இருக்கும் காற்றுக்கு விலகிப் போக நேரமில்லை. மூக்கின் முன்னால் நெருக்குண்டு சூடேறுகிறது. சைக்கிளுக்குக் காற்றடித்தால் பம்பின் அடி சுடுகிறதே, அதே கதைதான். உரசல்தான் காரணம் என்று பலர் நினைப்பதுண்டு; ஆனால் மூக்கிலும் இறக்கை விளிம்பிலும் பெரும்பங்கு இந்த அமுக்கத்துக்குத்தான். வெளியே மைனஸ் 56 டிகிரி குளிர், மூக்கிலோ கிட்டத்தட்ட 290 டிகிரி.

வழக்கமான அலுமினியக் கலவைகள் 150 டிகிரியைத் தாண்டினாலே தளரத் தொடங்கும். டைட்டானியம் தாங்கும்; எடையும் எஃகில் பாதிக்குச் சற்று மேல்தான். சரி, பிறகு என்ன தடை?

அந்த உலோகத்தின் பிடிவாதம்தான். ஆக்சிஜனை லேசில் விடாது. இரும்புத் தாதுவைப் போலக் கரியோடு சேர்த்து உருக்கினால் உலோகத்துக்குப் பதில் கரியும் டைட்டானியமும் சேர்ந்த கார்பைடு வந்து நிற்கும். அதனால் முதலில் குளோரினோடு சேர்த்து டைட்டானியம் டெட்ராகுளோரைடு என்ற திரவமாக்க வேண்டும். அப்புறம் எதனோடும் எளிதில் சேராத ஆர்கான் வாயு நிரப்பிய கலனில் உருகிய மக்னீசியத்தைக் கொண்டு குளோரினைப் பறிக்க வேண்டும். 1940-ல் அமெரிக்கக் காப்புரிமை பெற்ற வில்லியம் குரோலின் முறை இது. கிடைப்பது துளைதுளையான கட்டி. கேரளத்தின் சவறாவில் 2011-ல் தொடங்கிய ஆலையும் இதே வழிதான். இத்தனைக்கும் பிறகு பற்றவைக்கும்போது சூடான இடத்தில் காற்றுப் பட்டால் இணைப்பு நொறுங்கிப்போகும்.

அதனால் மிக்-25-ஐ வடிவமைத்த மிகோயன் குழு நிக்கல் எஃகைத் தேர்ந்தெடுத்தது. உடலில் சுமார் 80 விழுக்காடு அதுதான். டைட்டானியம் அதிகம் சுடும் இடங்களுக்கு மட்டும். எஃகைப் பற்றவைக்க ஆட்கள் இருந்தார்கள், பழுது பார்ப்பதும் எளிது. இதற்குக் கொடுத்த விலை எடையில் தெரிந்தது: வெறும் விமானமே 20 டன் அளவு. நேராகப் பாயும், சட்டென்று திரும்பாது.

மேற்கு நாடுகளுக்கு இது தெரியாது. பெரிய இறக்கையைப் படத்தில் பார்த்துவிட்டு, எடை குறைந்த, லாவகமாய் வளையும் விமானம் என்று பயந்தார்கள். 1976 செப்டம்பர் 6 அன்று, நாட்டை விட்டுத் தப்பிய சோவியத் விமானி விக்டர் பெலென்கோ ஒரு மிக்-25-ஐ ஜப்பானின் ஹகோடாட்டேயில் கொண்டுபோய் இறக்கினார். பிரித்துப் பார்த்தால் எஃகு! ரேடாரில் டிரான்சிஸ்டருக்குப் பதில் பழைய பாணி வெற்றிடக் குழாய்கள் வேறு. சிலர் சிரித்தார்கள். என்னைக் கேட்டால் அது அவசரச் சிரிப்பு. டைட்டானியத்தால் ஆன தங்கள் எஸ்ஆர்-71 உளவு விமானத்துக்கு அமெரிக்கர்கள் அந்த உலோகத்தையே வேறு நிறுவனங்களின் பெயரில் சோவியத்திடமிருந்துதான் வாங்கினார்கள்.

இந்திய விமானப்படையிலும் இதன் உளவு வகை 1981 முதல் 2006 வரை உத்தரப் பிரதேசத்தின் பரேலியிலிருந்து பறந்தது. 20 கிலோமீட்டருக்கு மேலிருந்து படமெடுப்பது அதன் வேலை. அந்த வேலை பிறகு பெரும்பாலும் செயற்கைக்கோள்களிடம் போனது.