பேட்டரி இல்லாமல் அந்தச் சார்ஜரைச் செருகாதீர்கள்

மறுபடியும் ஒரு ஹெச்பி-25 கால்குலேட்டர் செத்து வந்திருக்கிறது. கீறல் இல்லை, கீழே விழுந்த அடையாளம் இல்லை, பொத்தான்கள் எல்லாம் 'டிக்' என்று சுத்தமாக அழுந்துகின்றன. திறந்தால் போர்டும் பளிச்சென்று இருக்கிறது. உள்ளே கணக்குப் போடும் சில்லு, அதாவது ஐசி, மட்டும் போய்விட்டது. என்ன செய்தீர்கள் என்று கேட்டால் வழக்கமான பதில்தான்: "பேட்டரி ரொம்பப் பழசு சார், அதான் கழற்றி வச்சுட்டு சார்ஜர்லயே போட்டுப் பார்த்தேன்."

1975-இல் வெளிவந்த கால்குலேட்டர். இத்தனை வருஷம் அலமாரியில் ஒன்றும் ஆகாமல் கிடந்ததை, "வேலை செய்கிறதா" என்று பார்த்த அந்த நொடியில் கொன்றிருக்கிறார்கள்.

சார்ஜர் இருக்கும்போது பேட்டரி எதற்கு என்ற எண்ணம் லேப்டாப்பிலிருந்து வருகிறது. லேப்டாப்பில் அது சரி. மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தத் தனிச் சுற்று உள்ளே இருக்கிறது. ஹெச்பி-25, அதோடு பிறந்த ஹெச்பி-21 வகையறாக்களில் அப்படி ஒன்று கிடையாது. சார்ஜரிலிருந்து வருவது குறைந்த வோல்ட் ஏசி மின்சாரம் (மாறுதிசை மின்னோட்டம்). அது, ஒரு திசையில் மட்டும் மின்னோட்டத்தை விடும் டயோடு வழியாக நேராக பேட்டரிக்குப் போகிறது, அவ்வளவுதான். இரண்டு நிக்கல் காட்மியம் செல், ஒவ்வொன்றும் சுமார் 1.2 வோல்ட். வருகிற மின்னோட்டத்தை அவை உள்வாங்கிக்கொள்வதால் மொத்த மின்னழுத்தம் 3 வோல்ட்டைத் தாண்டாமல் நிற்கிறது. அதாவது அந்தச் சார்ஜருக்கு மூக்கணாங்கயிறே பேட்டரிதான். அதைக் கழற்றினால் மின்னழுத்தம் பல மடங்கு எகிறி, ஐசிகளின் தலையில் இறங்கும். அந்த ஐசிகள் இந்தக் கால்குலேட்டருக்கென்றே செய்தவை. இன்று எவரும் தயாரிப்பதில்லை. மாற்ற வேண்டுமென்றால் இன்னொரு செத்த கால்குலேட்டரிலிருந்துதான் உருவ வேண்டும்.

"பேட்டரி உள்ளேதானே சார் இருந்துச்சு" என்று சிலர் வாதாடுவார்கள். இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. செல் காய்ந்துபோய் உள்மின்தடை ஏறியிருந்தாலும், முனையில் பச்சைக் களிம்பு பிடித்துத் தொடர்பு அறுந்திருந்தாலும், பேட்டரி இல்லாததற்குச் சமம். கண்ணுக்குப் பேட்டரி இருக்கிறது, மின்சாரத்துக்கு இல்லை. பழைய பேட்டரியோடு சார்ஜர் செருகுவதும் அதே கொலைதான்.

சரி, எப்படித்தான் சோதிப்பது? பழைய பேட்டரி பேக்கை வெளியே எடுங்கள். முனைகளைப் பாருங்கள். வெள்ளையாகப் பூத்திருப்பது அமிலம் அல்ல, காரம்; பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கசிந்து காய்ந்தது. அதன்மேல் சமையல் சோடாவைப் போட்டுத் தேய்ப்பவர்கள் காரத்தின் மேல் காரத்தைக் கொட்டுகிறார்கள். பஞ்சுக்குச்சியில் கொஞ்சம் வினிகர் தொட்டுத் துடைத்து, அப்புறம் ஈரத்துணி, அப்புறம் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். தின்னர், அசிட்டோன் பக்கமே போகாதீர்கள்; சிவப்பு எண்களைப் பெரிதாக்கிக் காட்டும் அந்தச் சின்னச் சின்ன லென்ஸ் குமிழ்கள் பிளாஸ்டிக், ஒரே துடைப்பில் மங்கிவிடும்.

பிறகு தனிச் சார்ஜரில் ஏற்றிய இரண்டு ஏஏ நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்களைப் போட்டு, ஸ்விட்சைத் தள்ளுங்கள். பழைய சார்ஜரைப் பெட்டியிலேயே வையுங்கள், தயவுசெய்து. அதே அளவில் இருக்கிறதே என்று 3.7 வோல்ட் லித்தியம் செல்லைப் போட்டுவிடாதீர்கள். இரண்டு சேர்ந்தால் 7.4. இதுவும் நடந்திருக்கிறது.

மற்ற கம்பெனிக் கால்குலேட்டர்களிலும் அடாப்டர் விஷயத்தில் கவனம் வேண்டும். அந்தக் காலத்து டிரான்ஸ்ஃபார்மர் அடாப்டரில் 9 வோல்ட் என்று அச்சிட்டிருந்தாலும், சுமை இல்லாதபோது அதைவிட நிறையவே காட்டும். பின்னின் நடுமுனை சிலதில் பாசிட்டிவ், சிலதில் நெகட்டிவ். மல்டிமீட்டர் வைத்துப் பார்க்காமல் செருகக் கூடாது. ஹெச்பி-65 வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் கேளுங்கள்: நிரல்களைப் பதிந்து வைக்கும் காந்த அட்டையை உள்ளே இழுக்கும் ரப்பர் உருளை இந்நேரம் பிசினாகியிருக்கும். அதை மாற்றும்வரை அட்டையை நுழைக்காதீர்கள். அட்டை முழுக்க அப்பிக்கொள்ளும்.

பழுதே இல்லாமல் வருகிறவையும் உண்டு. "சமக்குறி பொத்தானே இல்லை, உடைஞ்சிருச்சா?" என்று கேட்கிறார்கள். உடையவில்லை, இந்த ஹெச்பி கால்குலேட்டர்களில் சமக்குறியே கிடையாது. 2-ஐயும் 3-ஐயும் கூட்ட, 2 அழுத்தி, என்டர் அழுத்தி, 3 அழுத்தி, கூட்டல் குறியை அழுத்த வேண்டும். இன்னொருவர் 1972-இன் ஹெச்பி-35-இல் 2.02-க்கு இயல் மடக்கை (ln) எடுத்து, மறுபடி அடுக்கேற்றினால் (eˣ) 2.02 வராமல் 2 என்று வருகிறது, சரிசெய்யுங்கள் என்றார். முதலில் விற்பனைக்கு வந்தவற்றில் இருந்த பிரபலமான பிழை அது! அப்போது கம்பெனியே மாற்றித் தர முன்வந்தது. இன்று சேகரிப்பவர்கள் அதைத் தேடி அலைகிறார்கள். அதில் கை வைக்க மாட்டேன் என்று திருப்பிக் கொடுத்தேன்.

பழுதுபார்க்க அனுப்புவதானால் செல்களைக் கழற்றிவிட்டு அனுப்புங்கள். வழியில் கசிந்தால் போர்டின் செம்புத் தடங்கள் அரித்துப்போகும். பழைய செல்லில் காட்மியம் இருக்கிறது, குப்பையில் போடாமல் மின்கழிவு வாங்குமிடத்தில் கொடுங்கள். ஆனால் செல்களைப் பிடித்திருக்கும் அந்தப் பிளாஸ்டிக் சட்டத்தைத் தூக்கி எறியாதீர்கள். புதுச் செல்லை அதில்தான் உட்கார்த்த வேண்டும். தனியாகக் கிடைப்பது பெரும்பாடு.