அரசு செலவிடும் ரூபாய் யார் வீட்டைச் சேருகிறது?

கல்விக்கும் மருத்துவத்துக்கும் அரசு ஒதுக்கும் பணம் நிதிநிலை அறிக்கையில் ஒரே தொகையாகத்தான் தெரியும். அதில் ஏழைக் குடும்பத்துக்கு எவ்வளவு, வசதியான குடும்பத்துக்கு எவ்வளவு என்பதை அங்கே படிக்க முடியாது. அதைக் கணக்கிடும் முறைக்கு 1979-இல் மலேசியாவைப் பற்றி ஜேக்கப் மீர்மனும், கொலம்பியாவைப் பற்றி மார்செலோ செலோவ்ஸ்கியும் வெளியிட்ட ஆய்வுகள் வழிகாட்டின.

முதலில் குடும்பங்களைத் தலைக்கு ஆகும் செலவின்படி வரிசைப்படுத்தி, ஐந்து சம பங்காகப் பிரிப்பார்கள். பிறகு ஒரு சேவைக்கு அரசு செய்த செலவில் மக்களிடம் வாங்கிய கட்டணத்தைக் கழித்து, பயன்படுத்தியவர்களின் எண்ணிக்கையால் வகுப்பார்கள். அந்தத் தொகையை ஒவ்வொரு பங்கிலும் சேவையைப் பயன்படுத்தியவர்களின் எண்ணிக்கையால் பெருக்கினால் அந்தப் பங்குக்குச் சேர்ந்த பயன் கிடைக்கும். கன்னியாகுமரி மாவட்டத்தில் இதைச் செய்பவர் அரசுப் பள்ளிகளோடு நிறுத்தக்கூடாது. இங்கு நிறைந்திருக்கும் உதவி பெறும் பள்ளிகளின் ஆசிரியர் சம்பளமும் அரசுப் பணமே.

விடையை அளக்க இரண்டு அளவுகோல்கள் உண்டு. உதாரணமாக, நூறு ரூபாயில் அடித்தட்டுப் பங்குக்குக் கிடைத்தது 15 ரூபாய் என்று கொள்வோம். மக்கள்தொகையில் அவர்கள் ஐந்தில் ஒருவர் என்பதால் இது குறைவுதான். ஆனால் மொத்த வருமானத்தில் அவர்களுடைய பங்கு 8 விழுக்காடாக இருந்தால், அதே 15 ரூபாய் ஏற்றத்தாழ்வைக் குறைக்கிறது. இரண்டில் ஒன்றை மட்டும் சொல்பவர் பாதி உண்மையைத்தான் சொல்கிறார்.

இந்தக் கணக்கு பெரிதும் தவறவிடுவது, சேவையை அடைய மக்கள் கொடுக்கும் விலையை. ரப்பர் பால் வெட்டும் தொழிலாளிக்கு விடியற்காலைதான் வேலை நேரம்; குலசேகரம் பக்கமிருந்து, நாகர்கோவிலை ஒட்டிய ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு வாங்க வேண்டுமென்றால், அன்றைய கூலி போய்விடும். நாகர்கோவிலில் இருந்து செல்பவருக்கு அந்த இழப்பு இல்லை. கணக்கிலோ இருவருக்கும் ஒரே பயன். பேச்சிப்பாறை மலையில் உள்ள காணிப் பழங்குடியினரின் குடியிருப்புகளில் இந்த வேறுபாடு இன்னும் கூடும்.

இன்னொன்று, சராசரிப் பயனும் அடுத்த ரூபாயின் பயனும் ஒன்றல்ல. 2011 கணக்கெடுப்பில் இம்மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 விழுக்காடு. சேவை இந்த அளவுக்குப் பரவிய இடத்தில், வசதியானவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டார்கள். புதிதாகச் செலவிடும் பணம் இதுவரை விடுபட்ட ஏழைகளையே அதிகம் சேரும். செலவைக் குறைத்தாலும் முதலில் வெளியே தள்ளப்படுபவர்கள் கடைசியாக உள்ளே வந்த அவர்கள்தான் என்பதால், சராசரியை மட்டும் காட்டி ஒரு திட்டத்தை வெட்டச் சொல்வது ஆபத்தானது.