புதுக் கொத்தனாரை இறக்கும் முன் அளந்து விடுங்கள்

செட்டிநாட்டு வீடுகளில் மராமத்து நடக்கும்போது வீட்டுக்காரர் பெரும்பாலும் ஊரில் இருப்பதில்லை. சென்னையில் இருப்பார், இல்லையென்றால் கோலாலம்பூரில். வாரம் ஒருமுறை வாட்ஸ்அப்பில் நாலு படமும் ஒரு வரியும் வரும்: "அண்ணே, ரெண்டாங்கட்டு ஓடு பிரிச்சாச்சு, ஒரு அம்பது போட்டு விடுங்க." பணம் போய்விடும். அறுபதாம் கல்யாணத்துக்கு நாள் குறித்துக்கொண்டு வந்து இறங்கினால், பிரித்த ஓடு முற்றத்தில் குவிந்து கிடக்கும், பாதிக் கூரை தார்ப்பாயில் நிற்கும், காண்ட்ராக்டர் போன் எடுக்க மாட்டார்.

இந்த இடத்தில்தான் பெரிய தவறு நடக்கிறது. விசேஷம் நெருங்குகிறதே என்று மறுநாளே வேறு கொத்தனாரை இறக்கி வேலையை முடித்து விடுகிறார்கள். ஆறு மாதம் கழித்து வக்கீலிடம் வரும்போது, முதல் ஆள் எவ்வளவு செய்தார், எதை விட்டார் என்று காட்ட எதுவும் மிஞ்சியிருக்காது. "முழுக்க நான்தான் செய்தேன்" என்று அவர் பதில் மனு போட்டால் மறுக்க வழியில்லை.

அதனால் முதலில் அளவு. உரிமம் பெற்ற பொறியாளர் ஒருவரை வையுங்கள். அவர் அளக்க வருமுன் காண்ட்ராக்டருக்கு எழுத்தில் தெரிவியுங்கள்: இன்ன தேதி, காலை இத்தனை மணிக்கு வேலையை அளக்கிறோம், வந்து கலந்துகொள்ளவும். வாட்ஸ்அப்பிலும் அனுப்புங்கள், ஒப்புகையோடு தபாலிலும் அனுப்புங்கள். அவர் பெரும்பாலும் வர மாட்டார், பரவாயில்லை. "எனக்குத் தெரியாமல் அளந்தார்கள்" என்று பின்னால் சொல்ல முடியாது, அதுதான் வேண்டும். டேப்பை வைத்து, எண் தெரியும்படி படம் எடுங்கள். முகப்பு, வளவு (உள்முற்றம் சூழ்ந்த பகுதி), இரண்டாங்கட்டு என்று கட்டுவாரியாக, அதாவது வீட்டின் பகுதிவாரியாக எழுதி, பொறியாளரும் சாட்சி இருவரும் கையெழுத்துப் போடட்டும்.

அடுத்தது கணக்கு. "கொடுத்த ஆறரை லட்சத்தையும் திருப்பித் தா" என்று கேட்பவரைவிட, கணக்குப் போட்டுக் கேட்பவருக்கே தீர்ப்பு சாதகமாகும். உதாரணத்துக்கு: ஓடு மாற்ற 1,800 சதுர அடி, அடிக்கு 250 ரூபாய். பூச்சு 3,000 சதுர அடி, அடிக்கு 80. தரையில் ஆத்தங்குடிக் கல் பதிக்க 1,000 சதுர அடி, அடிக்கு 180. மொத்தம் 8,70,000, கொடுத்தது 6,50,000. அளந்தால் ஓடு 1,100 அடி (2,75,000), பூச்சு 1,500 அடி (1,20,000), தரை ஒன்றுமே இல்லை. 35,000 ரூபாய் பெறும் கல் மட்டும் இறங்கிக் கிடக்கிறது. ஆக நடந்த வேலை 4,30,000. அதிகம் போனது 2,20,000. புதிதாகப் போட்டதிலேயே 200 அடி ஒழுகுகிறது, பிரித்துப் போட 50,000. கோரிக்கை 2,70,000, அதற்கு மேல் வட்டி, மன உளைச்சலுக்கு இழப்பீடு, வழக்குச் செலவு. ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு தாள் இருக்க வேண்டும்.

சரக்கு விஷயத்திலும் எண்ணிப் பார்ப்பதே வழி. பத்துக்குப் பத்து அங்குல ஆத்தங்குடிக் கல் சதுர அடிக்கு 1.44 வேண்டும். 1,000 சதுர அடிக்கு 1,440, உடைசலுக்கு 5 சதவீதம் சேர்த்தால் 1,512. பில்லில் 2,000 இருந்தால் மீதி எங்கே என்று கேளுங்கள். மரமும் அப்படித்தான்: ஏழுக்கு நாலு அடி நிலை, 5-க்கு 3 அங்குலக் கட்டை, கீழ்ப்படியோடு சுற்றளவு 22 அடி. 22 × 15 ÷ 144, அதாவது 2.29 கன அடி. இழைப்புக் கழிவு சேர்த்தாலும் நாலு கன அடி ஆகாது. "பர்மா தேக்கு" என்று வாயால் சொன்னதற்கு மதிப்பில்லை. பில்லில் எழுதி வாங்குங்கள்.

பில்லே தராமல் எஸ்டிமேட் சீட்டில் முடித்து விடும் கடைகள் உண்டு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி பில் தராததே நேர்மையற்ற வணிக நடைமுறை. குறையுள்ள சரக்கை, பில்லில் சொன்ன கெடுவுக்குள் (கெடு இல்லையென்றால் 30 நாளுக்குள்) திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதும் அதே கணக்கில்தான் வரும். "விற்ற சரக்கு திரும்ப எடுக்கப்பட மாட்டாது" என்று ரப்பர் ஸ்டாம்ப் குத்தி விட்டால் இந்தப் பொறுப்பு போய்விடாது.

வெற்றிலை பாக்கில் வைத்துக் கொடுத்த அட்வான்ஸுக்கு ரசீது இருக்காது. "அன்று கொடுத்த ஒரு லட்சம் போக இதுவரை ஐந்தரை அனுப்பியிருக்கிறேன்" என்று நட்பாகவே ஒரு செய்தி போட்டு, அவர் "ஆமாண்ணே" என்று பதில் போட்டால் அதுவே சான்று. உறவு முறியும் முன் இதைச் செய்து விட வேண்டும். அந்த உரையாடல் இருக்கும் போனை மாற்றாதீர்கள். அச்செடுத்துத் தாக்கல் செய்யும்போது மின்னணுப் பதிவுகளுக்கான பாரதிய சாக்ஷ்ய சட்டம் (சாட்சியச் சட்டம்) 63-ஆம் பிரிவுச் சான்றிதழையும் இணையுங்கள்.

இனி எங்கே போவது? சொந்த மனையில் வீட்டை மராமத்து பார்க்கும் காண்ட்ராக்டர் மீது ரெராவுக்கு (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்துக்கு) போய்ப் பயனில்லை. அது மனை, அடுக்ககம் விற்கும் புரோமோட்டர்களுக்கானது. நோட்டீஸ் விட்டு 15 நாள் பார்த்துவிட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். காரைக்குடி, தேவகோட்டைக்காரர்களுக்குச் சிவகங்கை, பொன்னமராவதிக்காரர்களுக்குப் புதுக்கோட்டை. சென்னையில் வசிப்பவர் சென்னையிலேயே போடவும் சட்டம் இடம் தருகிறது. ஆனால் இடத்தைப் பார்வையிட ஆணையரை அனுப்பச் சொல்ல வேண்டியிருந்தால் சிவகங்கைதான் வசதி. கொடுத்த பணம் 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை; நம் உதாரணத்து ஆறரை லட்சத்துக்கு 200 ரூபாய். கெடு 2 ஆண்டு. "பங்குனி கழியட்டும் அண்ணே" என்ற வாய்ச்சொல்லால் அந்தக் கெடு நீளாது.

ஒரு சிக்கல் இந்த வட்டாரத்துக்கே உரியது. வீட்டை ஓட்டலாக மாற்றத்தான் மராமத்து என்றால், எதிர்த்தரப்பு "வணிக நோக்கம், இவர் நுகர்வோரே இல்லை" என்று சொல்லி மனுவைத் தள்ளப் பார்க்கும். அப்போது உரிமையியல் வழக்குதான், கெடு 3 ஆண்டு. 3 லட்சத்துக்குக் குறையாத வணிகத் தாவா என்றால், அவசர நிவாரணம் கேட்காத பட்சத்தில் முதலில் சமரசத்துக்குப் போயாக வேண்டும். பங்காளிகள் பலருக்கு உரிய வீடு என்றால், காண்ட்ராக்ட் பேசிப் பணம் கொடுத்தவர் பெயரில் மனுவைப் போட்டு, மற்றவர்களிடம் சம்மதக் கடிதம் வாங்கிக்கொள்வது நல்லது.

போலீஸுக்குப் போனால் "சிவில் விஷயம்" என்பார்கள். பாதி வேலை செய்தவரிடம் அது பெரும்பாலும் சரிதான். ஆரம்பத்திலேயே பொய் பில், இல்லாத சரக்கு என்று ஏமாற்றும் எண்ணம் தெரிந்தால் மட்டுமே மோசடிப் புகார் நிற்கும்.

சமரசம் பேசி செக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம், தேதியில் மட்டும் கண் வேண்டும். 3 மாதத்துக்குள் வங்கியில் போடுங்கள். திரும்பினால் தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ், அது கிடைத்து 15 நாள் அவகாசம், பிறகு ஒரு மாதத்துக்குள் புகார். புகார் ஒரு நாள் பிந்தினாலும் தாமதத்துக்குக் காரணம் சொல்லி மன்றாட வேண்டி வரும்; நோட்டீஸ் பிந்தினால் அந்த வழியும் கிடையாது.

ஆணை வந்த பிறகும் பணம் தானாக வராது. நிறைவேற்று மனு போட வேண்டும்; ஆணையை மதிக்காவிட்டால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 72-ஆம் பிரிவில் ஒரு மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறைக்கு இடமுண்டு. கட்டச் சொன்னால் "என்னிடம் ஒன்றுமில்லை" என்பார். வாரம் ஐம்பது ஐம்பதாக நீங்கள் அனுப்பினீர்களே, அந்த வங்கிக் கணக்கின் எண் உங்கள் போனில் இருக்கிறது. ஜப்தி மனுவில் முதலில் எழுத வேண்டியது அதைத்தான்.