லாரி டிரைவர் சம்பளம்: படியைச் சட்டம் எப்படிக் கணக்கில் எடுக்கும்?

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு லாரிகளில் டிரைவர் கூலி பெரும்பாலும் மூன்று விதம்: மாதச் சம்பளமும் நாள் படியும், டிரிப்புக்கு இவ்வளவு என்று மொத்தமாக, அல்லது வாடகையில் சதவீதம். சதவீதத்தில் ஓடுபவருக்கு ரிட்டர்ன் லோடு கிடைக்காமல் வண்டி நான்கு நாள் படுத்தால் கையில் ஒன்றும் நிற்காது. மாதச் சம்பளக்காரருக்கும் ஹால்ட் படி, அதாவது வண்டி நிற்கும் நாளுக்கான படி, முன்கூட்டியே பேசியிருந்தால்தான் உண்டு.

கைக்கு வருவது எப்படி வந்தாலும், சம்பளம் என்று சட்டம் ஏற்கும் தொகைதான் ஓவர்டைமுக்கும் விபத்து இழப்பீட்டுக்கும் அடிப்படை. இங்கே சம்பளத்தைச் சின்னதாகவும் படியைப் பெரிதாகவும் வைப்பது வழக்கம். 2025 நவம்பர் 21 முதல் நடப்பில் உள்ள ஊதியச் சட்டத் தொகுப்பு இதற்கு ஒரு கடிவாளம் போட்டிருக்கிறது. படி, கமிஷன் போன்றவை மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி சம்பளத்தோடு சேரும்.

சம்பளம் 8,000, படி 16,000 என்று வையுங்கள். மொத்தம் 24,000, அதில் பாதி 12,000. படியில் அதற்கு மேல் இருக்கும் 4,000 சம்பளத்தில் சேர்ந்து, சட்டப்படி சம்பளம் 12,000 ஆகிறது. டோலுக்கும் டீசலுக்கும் கொடுத்த பணம் இதில் வராது. சாப்பாட்டுப் படியும் வெறும் செலவுப் பணம்தான் என்று ஓனர் தரப்பு வாதாடும். அதனால் படியை நாளுக்கு இவ்வளவு என்று எழுதி வாங்குவது நல்லது.

வேலையில் இருக்கும்போது இறந்தால் இழப்பீடு, மாதச் சம்பளத்தில் பாதியை வயதுக்குரிய காரணியால் பெருக்கி வருவது. 40 வயதுக்குக் காரணி 184.17. சம்பளம் 8,000 என்றால் 7,36,680 ரூபாய். 12,000 என்றால் 11,05,020. சம்பளம் எவ்வளவு இருந்தாலும் 15,000 வரைதான் கணக்கில் எடுப்பார்கள். இந்த வரம்பு 2020 ஜனவரியில் வந்தது. வண்டி பாலிசியில் டிரைவர், கிளீனருக்கான லீகல் லயபிலிட்டி பிரீமியம் (ஓனர் தர வேண்டிய இழப்பீட்டை இன்சூரன்ஸ் கம்பெனி ஏற்பதற்கானது) கட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அது சொற்பத் தொகைதான், ஆனாலும் விட்டுப்போகிறது.

சண்டை அதிகம் வருவது பிடித்தத்தில். டீசல் ஷார்ட், லோடு குறைவு, டயர் வெடிப்பு எல்லாம் டிரைவர் தலையில்தான் விடியும். டிரைவரின் கவனக்குறைவால் நஷ்டம் வந்தால்தான் பிடிக்கலாம், அதையும் அவர் விளக்கத்தைக் கேட்ட பிறகே செய்ய வேண்டும். அபராதம் என்று போட்டால் மாதச் சம்பளத்தில் 3 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. அட்வான்ஸ் உட்பட எல்லாப் பிடித்தமும் சேர்ந்து பாதிச் சம்பளத்தைத் தாண்டக் கூடாது.

மைலேஜ் தகராறில் டிரிப் ஷீட்தான், அதாவது டிரிப் கணக்கு எழுதும் தாள்தான், பேசும். ஓவர்லோடு, தொப்பூர் மாதிரி கணவாய், ஊருக்குள் நெரிசல் எல்லாம் டீசலைத் தின்னும். ஒவ்வொரு டீசல் பங்கிலும் ஓடோமீட்டர் ரீடிங்கையும் லிட்டரையும் அப்போதே எழுதுங்கள். ஷீட்டைக் கொடுக்குமுன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். லாரி ஆபீசுக்குள் போன காகிதம் திரும்பி வராது.

மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் வர வேண்டும். வேலையை விட்டால் 2 வேலை நாளுக்குள் கணக்கு தீர்க்க வேண்டும். பாக்கி இருந்தால் 3 ஆண்டுக்குள் தொழிலாளர் துறையில் மனு கொடுக்கலாம். கொடுத்துவிட்டேன் என்று நிரூபிக்க வேண்டியது ஓனர்தான். ஆனாலும் அந்த வண்டியில் வேலை பார்த்ததற்கே சாட்சி இல்லாமல் மனுக்கள் தடுமாறுவதுண்டு. படியையாவது பேங்க் கணக்கிலோ ஜிபேயிலோ வாங்குங்கள்.

விபத்து குஜராத்தில் நடந்திருந்தாலும் குடும்பம் அங்கே அலைய வேண்டாம். ராசிபுரத்தில் குடியிருந்தால் அந்தப் பகுதிக்குரிய இழப்பீட்டு ஆணையரிடமே 2 ஆண்டுக்குள் மனு போடலாம். எஃப்ஐஆர், போஸ்ட்மார்ட்டம் அறிக்கை, லைசென்ஸ், ஆர்சி, பாலிசி நகல், வாரிசுச் சான்றிதழ் வேண்டும். ஒரு மாதத்துக்குள் பணம் வராவிட்டால் 12 சதவீத வட்டியும் சேர்த்துக் கேளுங்கள்.