காசநோய் வந்தவரின் வீட்டார் கேட்டுப் பெற வேண்டியவை

வீட்டில் ஒருவருக்குக் காசநோய் என்று உறுதியானதும், சுகாதாரப் பணியாளர் ஒருவர் முகவரி விசாரித்துக்கொண்டு வருவார். வியாசர்பாடியிலோ காசிமேட்டிலோ ஒற்றை அறையில் வாடகைக்கு இருக்கும் குடும்பத்துக்கு அந்த வருகையே பெரிய பயம். வீட்டுக்காரர் காதுக்குப் போனால் காலி செய்யச் சொல்வாரோ, பெண்ணுக்கு வரன் தட்டிப்போகுமோ என்று கலங்கித் தவறான முகவரி கொடுப்பவர்கள் உண்டு. அவர்கள்மீது எனக்குக் கோபம் வருவதில்லை. ஆனால் அந்த முகவரியால் மருந்தை இழப்பது அதே வீட்டுக் குழந்தைகள்.

தேசிய காசநோய் ஒழிப்புத் திட்டத்தின்படி, நோயாளியோடு ஒரே வீட்டில் இருக்கும் எல்லோரையும் இலவசமாகப் பரிசோதிக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைவு, இரவில் வியர்த்தல் இருக்கிறதா என்று கேட்பார்கள். மார்பு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லலாம். சந்தேகம் இருந்தால் சளிப் பரிசோதனை. எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் பயனில்லை. காலையில் எழுந்ததும் வாயைக் கொப்பளித்துவிட்டு, மூச்சை ஆழ இழுத்து, நெஞ்சிலிருந்து இருமி எடுத்த சளி வேண்டும். ட்ரூநாட் போன்ற கருவிகள் கிருமி இருக்கிறதா என்பதோடு, முக்கிய மருந்தான ரிஃபாம்பிசின் அதற்குக் கேட்குமா என்பதையும் சொல்லிவிடும்.

நோய் இல்லை என்று தெரிந்தவர்களுக்கு அடுத்த உரிமை தொடங்குகிறது. பலர் அறியாததும் இதுதான். அவர்களுக்குத் தடுப்பு மாத்திரை தரப்படும். முன்பு வீட்டாரில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கே இது முதன்மையாகக் கிடைத்தது. 2021 வழிகாட்டுதல்கள் பெரியவர்களுக்கும் விரிவாக்கின. ஆறு மாதம் தினமும், அல்லது மூன்று மாதம் வாரம் ஒரு முறை. வயதையும் எடையையும் பார்த்து மருத்துவர் முடிவு செய்வார். பரிசோதிக்காமல் இந்த மாத்திரையை விழுங்கக் கூடாது. உள்ளே நோய் இருந்தால், அரைகுறை மருந்தில் கிருமி பழகிவிடும்.

நோயாளியை ஒதுக்கித் தட்டும் தம்ளரும் தனியாக வைக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. காசநோய் தட்டால் பரவுவதில்லை, காற்றால் பரவுகிறது. 1956இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் ஆய்வு மையம், இந்த நகரத்து ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினரை வீட்டிலும் மற்றவர்களைச் சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையிலும் வைத்து மருந்து கொடுத்துப் பார்த்தது. வீட்டில் இருந்தவர்களும் நன்றாகக் குணமானார்கள். அவர்களுடைய குடும்பத்தாருக்குக் கூடுதல் ஆபத்து வரவில்லை. வீட்டாருக்குப் பெரிய ஆபத்து சிகிச்சை தொடங்குவதற்கு முந்தைய, யாருக்கும் தெரியாத அந்த இருமல் வாரங்களில்தான். பணியாளர் பழைய நாட்களைப் பற்றித் துருவிக் கேட்பது அதனால்தான். பக்கத்து அறையில் தூங்கியவர், கூடவே வேலை பார்த்தவர் பெயர்களையும் சொல்லுங்கள்.

நோயாளிக்குச் சத்துணவுக்காக நிக்ஷய் போஷண் திட்டத்தில், சிகிச்சைக் காலம் முழுவதும் மாதம் 1,000 ரூபாய் வீதம் வங்கிக் கணக்கில் வரும். 2024 நவம்பருக்கு முன் இது 500 ரூபாயாக இருந்தது. தனியார் மருத்துவரிடம் சிகிச்சை பெறுபவருக்கும் உண்டு. காசநோயாளிகளைப் பதிவு செய்யும் அரசின் நிக்ஷய் இணையதளத்தில் பெயர் பதிவாகியிருக்க வேண்டும். காசநோயை அரசுக்குத் தெரிவிப்பது 2012 முதல் தனியார் மருத்துவர்களுக்கும் கட்டாயம். ஆகவே "என் நிக்ஷய் எண் என்ன?" என்று தயங்காமல் கேளுங்கள்.

பணியாளர் வாசலில் நின்று பேசுவது சங்கடமாக இருந்தால், நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்து பேசுகிறோம் என்று சொல்லுங்கள். யாரும் வராவிட்டால் நீங்களே போய், "எங்கள் வீட்டில் இத்தனை பேர், எல்லோருக்கும் பரிசோதனை வேண்டும்" என்று கேளுங்கள். கட்டணமில்லா உதவி எண்: 1800-11-6666.